ஒன்றை அடிக்கவும்

பிளஸ் டூவில் எந்தக் கணக்கை எடுத்துப் படிக்கப் போகிறார்கள் என்று கேட்டுப் பள்ளியில் ஒரு படிவம் கொடுத்திருந்தார்கள். கணிதம், வணிகக் கணிதம் என்று இரண்டு பெயர்களும் அவற்றுக்குக் கீழே ‘ஒன்றை அடிக்கவும்’ என்று ஒரு வரியும் அதில் இருந்தன. வேண்டியதை டிக் அடிப்பதா, வேண்டாததைக் கோடு போட்டு அடிப்பதா என்று பெனிட்டாவுக்கு விளங்கவில்லை. வலப்பக்கம் இருந்தவள் கணிதத்தை டிக் அடித்திருந்தாள். இடப்பக்கம் இருந்தவள் அதே கணிதத்தின் குறுக்கே கோடு இழுத்திருந்தாள். இருவரும் ஒரே பாடத்தை எடுப்பதாகத்தான் பேசி வைத்திருந்தார்கள். பெனிட்டாவும் கணிதத்தின் மேல் சாய்வாக எதையோ இழுத்துக் கொடுத்துவிட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா, “எதம்மா அடிச்ச?” என்று கேட்டார்.

“கணிதத்தப்பா.”

மகள் அப்போதே இன்ஜினியராகிவிட்டதுபோல அவர் முகம் மலர்ந்தது. கணக்குப் பரீட்சை வந்தாலே மகளுக்குக் காய்ச்சல் வருவதைப் பார்த்துச் சலித்துப்போன அம்மா அடுக்களையிலிருந்து, “அடிச்சிட்டியா? நல்ல வேலை செஞ்ச. விட்டுது சனி” என்றாள். பெனிட்டா இரண்டு பேருக்கும் தலையாட்டினாள்.

மறுநாள் வகுப்பில் டீச்சர் அவளுடைய படிவத்தை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார்.

“பெனிட்டா, இது டிக்கா, அடிச்சு விட்டதா?”

டீச்சர் பார்த்துச் சொல்லிவிடுவார் என்றுதான் அவளும் நேற்றிலிருந்து காத்துக்கொண்டிருந்தாள்.