வயலில் இறங்கிய காற்று

மார்க்கையன்கோட்டையில் முனீஸ்வரியின் நெல்வயலில் பயிற்சி ஹெலிகாப்டர் ஒன்று விழுந்தது. ஓட்டக் கற்றுக்கொண்டிருந்த மகிமாவை முனீஸ்வரிதான் வெளியே இழுத்துக் காப்பாற்றினாள். கற்றுக்கொடுத்த லிங்கேஸ்வரன் இறந்துபோனார்.

உடம்பு தேறியதும் மகிமா தேனியிலிருந்து நன்றி சொல்ல வந்தாள். இனிமேல் பறக்கப் போவதில்லை என்றாள்.

"இங்கன வந்து ஒண்ணப் பாத்துட்டுப் போ ஆத்தா," என்று முனீஸ்வரி அவளை வரப்புக்குக் கூட்டிப்போனாள். "மறுபடி நட்டதுலருந்து தெனமும் காலையில இப்படித்தான். பயிரு ஒண்ணுகூட ஒடியல."

பக்கத்துத் தோப்பில் வாழை இலைகள் அசையவில்லை. வயலின் நடுவில் மட்டும் பயிர் வட்டமாகச் சாய்ந்து படபடத்தது. மேலே வெறும் வானம். சத்தமே இல்லை. வட்டம் கொஞ்சமும் நகராமல் நின்றது.

மகிமா அந்த வட்டத்தையே பார்த்தாள்.

"இம்புட்டு ஆடாம ஹெலிகாப்டர அந்தரத்துல நிப்பாட்ட எங்க சார் ஒருத்தராலதான்க்கா முடியும்."

முனீஸ்வரி கையெடுத்துக் கும்பிட்டாள்.

மகிமா செருப்பைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி, வட்டத்தின் நடுவே போய் நின்றாள். தலைமுடி பறந்தது. அவளுடைய வலது கை, எதிரே இல்லாத கட்டுப்பாட்டுக் கோலைப் பற்றுவதுபோல் தானாக மடங்கியது.

வட்டம் ஒருமுறை தடுமாறியது. பிறகு அவள் கை சாய்ந்த பக்கமாக மெல்ல நகர்ந்தது.