யார் வாங்குவான்?

தனுவச்சபுரத்தில் நடந்த ஸ்டார்ட்அப் போட்டிக்கு நடுவராக வந்திருந்த விலாசினி டீச்சருக்கு, கல்லூரி மாணவி ஆர்யா பேசத் தொடங்கியதுமே ரத்தம் கொதித்தது.

"வீட்டுல தனியா உள்ள அம்மைமாருக்காக்கும், டீச்சர். காலையில அடுக்களைக் கதவு திறக்கல்லேன்னா, வெளிநாட்டுல உள்ள பிள்ளைக்கு இந்த மெஷின் அறிவிக்கும்."

"நிறுத்து. பெத்தவ உயிரோட இருக்காளான்னு அறிய மெஷினா? எனக்க மவனும் துபாய்லதான். நான் கதவு திறந்த உடனே, 'அம்மா, எழும்பியாச்சா? சாயா குடிச்சியா?'ன்னு மெசேஜ் வந்துரும். பாசம்னா அதாக்கும். இதை யார் வாங்குவான்?"

பத்துக்குப் பூஜ்யம் போட்டாள்.

"ஒருத்தர் வாங்கியாச்சு டீச்சர். துபாய்ல உள்ள ஒரு சேட்டன். கதவு திறந்தா, அவருக்க பேர்ல அம்மைக்கு மெசேஜும் இதுவே அனுப்பிரும். அவரு உறங்கிட்டே இருக்கலாம்."

"என்ன மெசேஜ்?"

ஆர்யா போனைப் பார்த்து வாசித்தாள். "'அம்மா, எழும்பியாச்சா? சாயா...'"

போனிலிருந்து தலையைத் தூக்கி டீச்சரைப் பார்த்தாள்.

மேஜைமேல் இருந்த மெஷினை விலாசினி அப்போதுதான் பார்த்தாள். போன லீவில் மகன், கள்ளன் வந்தால் கத்தும் என்று சொல்லி அடுக்களைக் கதவில் ஒட்டிய அதே வெள்ளைப் பெட்டி.

பூஜ்யத்துக்கு முன்னால் ஒன்றைப் போட்டாள். பேனா முனை தாளைக் கிழித்துக்கொண்டு இறங்கியது.