இரண்டு கிண்ணப் பூரணம்

அம்மா ஓரவஞ்சனை செய்வதை அவன் தன் கண்ணாலேயே பார்த்துவிட்டான்.

தண்ணீர் குடிக்கத்தான் சமையலறைக்குள் போனான். ஞாயிற்றுக்கிழமை. தங்கை வந்திருந்தாள். அவள் வருகிற நாளெல்லாம் வீட்டில் பூரணம் வைத்த பாஸ்தாதான். அவன் மனைவி மேடையோரம் நின்று மாவை மெல்லிசாகத் தேய்த்துக்கொண்டிருந்தாள். அம்மா வெந்த கீரையைத் துணியில் கட்டி முறுக்கிப் பிழிந்தாள். ஈரம் இருந்தால் பாஸ்தா கொதிக்கிற தண்ணீரில் பிய்ந்துபோகும் என்று அந்த வேலையை மட்டும் அவள் யாரிடமும் விடமாட்டாள்.

கீரையோடு வதக்கிய காளானும் துருவிய கேரட்டும் சேர்ந்தன. அதுவரை சரி. பிறகு அம்மா அதைப் பெரிய கிண்ணம், சின்னக் கிண்ணம் என்று இரண்டாகப் பிரித்தாள். பெரிய கிண்ணத்தில் ஒரு பாக்கெட் சீஸையும் உதறிக் கொட்டினாள். சின்னதில் பெயருக்குக்கூட சீஸ் இல்லை. வேகவைத்த பரங்கிக்காயை மசித்துப் போட்டுப் பிசைந்தாள்.

"இது யாருக்கு?" என்று கேட்டான்.

அம்மா நிமிரவில்லை. "சீஸ் பத்தலைடா. நீ போய் உக்காரு."

பத்தவில்லையாம். நேற்று அவன் கடை கடையாக ஏறி இறங்கி வாங்கிவந்த இன்னொரு பாக்கெட், பிரிக்காமல் ஃபிரிட்ஜில் இருந்தது.

அவன் போகவில்லை. வாசற்படியிலேயே நின்று பார்த்தான். பெரிய கிண்ணத்துப் பூரணம் சதுரமாக வெட்டிய மாவுக்குள் போயிற்று. அம்மா ஓரத்தை முள்கரண்டியால் அழுத்தினாள். சின்னக் கிண்ணத்துப் பூரணத்துக்கு மட்டும் அரைவட்டம், விரலால் மடித்த ஓரம். தப்பித் தவறிக்கூட மாறிவிடக் கூடாதென்று அடையாளம் வேறு! சீஸ் இல்லாதது மருமகளுக்குத்தான், வேறு யாருக்கு என்று அவனுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவன் சும்மா விடுகிற ஆளும் இல்லை. ஆபீஸில் அவனுக்குப் பட்டப்பெயரே 'நியாயம்'. ஒப்பந்தத் தொழிலாளிகளுக்கு மட்டும் கேன்டீனில் சின்னத் தட்டு என்று தெரிந்ததும், மேலாளர் அறை வாசலில் சம்மணம் போட்டு உட்கார்ந்து தட்டை மாற்ற வைத்தவன். ஊருக்கெல்லாம் தட்டு மாற்றிவிட்டு, சொந்த வீட்டில் பெண்டாட்டி வஞ்சிக்கப்படுவதைப் பார்த்துக்கொண்டு இருப்பானா?

தங்கையைத் தனியாகக் கூப்பிட்டுப் பொருமினான். அம்மா எதையும் காரணமில்லாமல் செய்யமாட்டாள், விட்டுவிடு என்றாள் அவள். சீஸ் கிடைக்கிறவள் அப்படித்தானே பேசுவாள்!

மேஜையில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். அவன் நினைத்தது அப்படியே நடந்தது. அவனுக்குச் சதுரம். தங்கைக்குச் சதுரம். மனைவியின் தட்டில் மட்டும் அரைவட்டங்கள். அவள் பாவம், ஒரு வார்த்தை பேசாமல் தட்டை வாங்கிக்கொண்டாள். அதைப் பார்த்ததும்தான் அவனுக்கு நெஞ்சே எரிந்தது.

எழுந்து அவள் தட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, தன் தட்டை அவள் முன்னால் வைத்தான்.

"வேண்டாங்க, எனக்கு அதுவே போதும்" என்றாள் மனைவி.

"நீ பேசாதே. இப்படி வாயை மூடிட்டு இருக்கறதாலதான் உன்னை இந்த வீட்ல இளக்காரமா நினைக்கறாங்க."

அதன்பிறகு அவனை நிறுத்த முடியவில்லை. பெற்ற மகளுக்கு ஒன்று, வீட்டுக்கு வந்த மருமகளுக்கு ஒன்றா, அவளும் ஒருத்தி பெற்ற பெண்தானே, வெளியே தெரிந்தால் நாலு பேர் காறித் துப்பமாட்டார்களா என்று மூச்சு விடாமல் பேசினான். தங்கை குனிந்தபடி இருந்தாள். அம்மா மருமகளைப் பார்த்தாள். மருமகள் வேண்டாம் என்பதுபோல லேசாகத் தலையசைத்தாள். மாமியாரிடம் இவ்வளவு பயமா என்று அவனுக்கு இன்னும் ஆத்திரம் ஏறியது.

"சாப்பிடு. யார் என்ன சொல்றாங்கன்னு நான் பார்க்கறேன்."

அவள் ஒரு சதுரத்தை முள்கரண்டியில் குத்தி எடுத்தாள். வாய்க்குப் போவதற்குள் அம்மா எட்டி அவள் கையைப் பிடித்துவிட்டாள்.

"போதும்மா. உனக்காக இவ்வளவு நேரம் வாயைக் கட்டிட்டு இருந்தேன்." அம்மா அவன் பக்கம் திரும்பினாள். "சீஸ் அவ வயித்துக்கு ஆகாதுடா. நீ ஆசையா வாங்கிட்டு வர்றியேன்னு முழுங்கிட்டு, குழாயைத் திறந்துவிட்டு பாத்ரூம்ல வயித்தைப் பிடிச்சுட்டு அழுதுட்டிருந்தா. போன வாரம்தான் நான் பார்த்தேன். அவர்கிட்ட சொல்லாதீங்க அத்தைன்னு கையைப் பிடிச்சுக் கெஞ்சினா. அதான் இந்தச் சின்னக் கிண்ணம்."

இந்த வீட்டில் தன்னை யாரும் மதிப்பதில்லை என்று அவனுக்குப் புதுக் கோபம் வந்துவிட்டது. மனைவியைப் பார்த்தான்.

"எங்கம்மாகிட்ட சொல்லத் தெரியுது. கட்டின புருஷன் நான் ஒருத்தன் இருக்கேனே, என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா? இது என்ன நியாயம்?"

அவள் முள்கரண்டியைத் தட்டில் வைத்தாள்.

"சொன்னேங்க. கல்யாணமான புதுசுலேயே சொன்னேன். அதெல்லாம் மனசுல இருக்கற பயம், சாப்பிடச் சாப்பிடப் பழகிடும்னு சிரிச்சுட்டு, இன்னொரு வாய் நீங்களே ஊட்டிவிட்டீங்க."