ஒத்துப்பார்க்க ஒரு குழாய்

“ஒரு குழாய் போதுமா? ரெண்டா எடுத்துக்கப்பா. இது சாதாரண ரத்தமில்ல” என்று சட்டைக் கையை மடித்துவிட்டார் அண்ணன். கிட்னியையே தானம் கொடுப்பவர் போல முகத்தில் அப்படியொரு பெருமை.

வீட்டுக்கே வந்திருந்த லேப்காரர் ஊசியைப் பிரித்தார். தம்பியிடம் ஏற்கெனவே எடுத்தாயிற்று. இப்போது இவர் முறை.

தம்பிக்கு ப்ராஸ்டேட்டில் புற்றுநோய். அறுத்து எடுத்து ஆறு வாரம் ஆகிறது; சிறுநீர் இன்னும் கட்டுக்குள் வரவில்லை. நோய் முழுசாகப் போய்விட்டதா, ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்பது இந்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

“நல்லா இருக்கிற கூடப்பிறந்தவங்க ரத்தமும் வேணுமாம், அண்ணே. ஒத்துப்பார்க்க” என்று தம்பி போனில் கேட்டதுதான் தாமதம், முதல் பஸ்ஸில் வந்து இறங்கிவிட்டார். அறுபத்தாறு வயது வரை தனக்கென்று ஒரு ஆஸ்பத்திரிப் படி ஏறாத மனிதர். முப்பது வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவர் அல்லவா, அடுத்தவரைச் சோதித்துத்தான் பழக்கம்.

“இன்னும் டயப்பர்தானா?” என்றார் தம்பியிடம். “பேரனுக்கு வாங்கும்போதே உனக்கும் ஒரு பாக்கெட் சொல்லிடு.”

தம்பி சிரித்துவைத்தார். அவர் மனைவிக்குத்தான் சுருக்கென்றது.

“படிச்சுப் படிச்சுச் சொன்னேன், காலையில நடடான்னு. கேட்டியா? என்னைப் பாரு, கல்லு மாதிரி இருக்கேன்” என்றார் அண்ணன்.

கல்லு எழுந்து பாத்ரூமுக்குப் போனது. வந்த ஒரு மணி நேரத்தில் இது நான்காவது தடவை.

“உங்க வீட்டுக் காபி அப்படி” என்றார் திரும்பி வந்து. அவருக்கு வைத்த காபி ஆடை கட்டி அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள் தம்பி மறுபடி கூப்பிட்டார். “ரிப்போர்ட் வந்திருக்கு. கொஞ்சம் வாங்களேன்.”

தம்பியின் முகம் சரியில்லை. ஒரு தாளை நீட்டினார். டிக்கெட்டில் தேதியைத் தேடிப் பழகிய கண், நேரே எண்ணுக்குப் போனது.

“பதினாலா? நாலுக்குள்ள இருக்கணும்னு இதுலயே போட்டிருக்கே” என்றார் அண்ணன். “அறுத்தும் போகலையேடா.”

நக்கலெல்லாம் எங்கே போனதோ, கண் கலங்கிவிட்டது. தம்பியின் தோளை இறுகப் பிடித்துக்கொண்டார்.

“பயப்படாதடா. நாளைக்கே டாக்டர்கிட்ட போறோம். மறுபடி அறுக்கணும்னாலும் அறுத்துக்கலாம். டயப்பர் கட்டினா என்ன இப்போ, குறைஞ்சா போயிடுவோம்? உசிருதான் முக்கியம்.”

“நிஜமாவே வருவீங்களா அண்ணே? அப்புறம் சாக்குச் சொல்லக் கூடாது.”

“என் பிள்ளைங்க மேல சத்தியம். வர்றேன்.”

தம்பி அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டார்.

“என்னோடது சுத்தம், அண்ணே. இது உங்க தாள்.”