தங்கப்பழத்தின் ராணித் தியாகம்

மனித மூளையின் மாண்பு, ராணியைத் தியாகம் செய்யும் நொடியில்தான் தெரியும் என்றார் தங்கப்பழம். குடியிருப்புச் சதுரங்க இறுதியாட்டத்தில் அப்போதுதான் வென்றிருந்தார். ராணியை எதிரி ராஜாவை ஒட்டி வைத்தார். பெஞ்சமின் அதை யானையால் வெட்டினார். அடுத்த மூவிலேயே குதிரையால் மேட்.

கோப்பை கைக்கு வர ஒரு சடங்கு பாக்கி இருந்தது. இயந்திரத்தைக் கேட்டு ஆடவில்லை என்று காட்ட, ஆடும்போது அணிந்திருந்த நெற்றிப் பட்டையில் பதிந்த எண்ணங்களை நடுவர் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்க வேண்டும்.

"எத்தனை மூவுக்கு முன்னாலயே பாத்தீய, அண்ணாச்சி?" என்றார் பெஞ்சமின்.

"ஏழு."

"அடுப்ப அணைச்சமான்னு பாக்கத் தெரியாது. இவுகளுக்கு ஏழு மூவ் தெரியுதாம்!" என்றாள் மனைவி சொர்ணம். ஆனாலும் கோப்பைக்காகப் பையை விரித்துப் பிடித்திருந்தாள்.

நடுவர் பட்டையைக் கழற்றிப் பார்த்தார். இயந்திர உதவி துளியும் இல்லை, வெற்றி செல்லும் என்றார். கைதட்டலுக்கு நடுவே கோப்பை பைக்குள் போனது. பிறகு, விதிப்படி, ராணியை வைத்த நொடியின் பதிவை உரக்க வாசித்தார்:

"ஐயையோ, அங்க யானை நிக்கே. கைய எடுத்துட்டேன். ராணி போச்சு."

குதிரையைப் பற்றிய முதல் எண்ணம், ராணி வெட்டப்பட்டு நான்கு நிமிடம் கழித்துப் பதிவாகியிருந்தது.