ஆமை மாமா நல்லவர்

"ரெண்டாம் பாகத்தைக் கெடுத்துக் குட்டிச்சுவராக்கிட்டாங்க" என்றாள் பிளசி. தருமபுரி தியேட்டரில் இடைவேளை விளக்கு எரிந்ததும் அவள் வாயிலிருந்து வந்த முதல் பேச்சு இதுதான். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவள் அப்பா யாகப்பன், படத்தை எடுத்ததே தான்தான் என்பதுபோல் தலையைக் குனிந்துகொண்டார்.

கூட்டத்தைத் தொலைத்த ஒரு நீர்நாய்க் குட்டியின் கார்ட்டூன் படம் அது. முதல் பாகத்தில் குட்டியை ஊட்டி வளர்த்த தாய்மாமன் ஆமை, இதில் குட்டியின் அப்பனைக் காட்டிக்கொடுத்த துரோகியாக வருகிறதாம். குட்டியைத் தின்னத் துரத்திய கொக்கோ, இதில் பெறாத தாயாக நின்று கண்ணீர் விடுகிறதாம். இதுதான் பிளசியின் ஆத்திரம்.

"மொதப் பாகத்துலயும் ஆமை கெட்டவன்தானடி?" என்றாள் கலைமதி. பிளசியோடு ஒரே வகுப்பில் படிப்பவள். கம்பைநல்லூரிலிருந்து யாகப்பனின் பைக்கிலேயே தொற்றிக்கொண்டு வந்திருந்தாள்.

"ஆமை மாமா நல்லவரு. எங்கப்பா இங்கிலீஷ்லயே பாத்து எனக்கு வரிவரியாச் சொன்னாரு. அவருக்குத் தெரியாததா?"

கலைமதி திகைத்துப்போய் அவள் முகத்தையே பார்த்தாள். ஏதோ சொல்ல வாயெடுத்தவளின் காலை பிளசி நறுக்கென்று மிதித்தாள். அதற்கப்புறம் அந்தப் பெண் பாப்கார்ன் தின்பதற்கு மட்டுமே வாயைத் திறந்தாள்.

யாகப்பனுக்கு உடம்பெல்லாம் கூசியது. மூன்று வருஷத்துக்கு முன்னால் பிளசிக்கு அம்மை போட்டிருந்தபோது, யாரோ போனில் ஏற்றிக் கொடுத்த முதல் பாகத்தை அவள் பக்கத்தில் உட்கார்ந்து போட்டுக் காட்டினார். முழுக்க இங்கிலீஷ். தக்காளி வண்டி ஓட்டுகிறவருக்கு அதில் ஒரு மண்ணும் புரியவில்லை.

"என்னப்பா சொல்றாங்க?" என்று குழந்தை கேட்டபோது தெரியாது என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஆமையின் வாயசைவையும் கொக்கின் மூக்கையும் பார்த்து, அவராகவே ஒரு கதையை அளந்துவிட்டார்.

அன்றோடு போயிருந்தால் பரவாயில்லை. அம்மை இறங்கிப் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்த பிறகும், படுக்கும்போதெல்லாம் அவள் அதே கதையைக் கேட்டாள். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியும் என்று தெரு முழுக்கத் தம்பட்டம் அடித்தாள். அவரும் மீசையைத் தடவிக்கொண்டு கேட்டாரே தவிர, ஒருநாளும் மறுத்ததில்லை. இப்போது தமிழ் பேசும் ரெண்டாம் பாகம் வந்து, அந்த ஆமையின் வாயாலேயே அவர் மானத்தை வாங்கிக்கொண்டிருந்தது.

பாதிப் படத்துக்கு மேல் அவர் திரையை நிமிர்ந்தே பார்க்கவில்லை. கொக்கு அழுதபோது தியேட்டரே மூக்கை உறிஞ்சியது. அவர் மட்டும் தன் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

திரும்பும் வழியெல்லாம் பிளசி ஓயவில்லை. மொதப் பாகம் மாதிரி வராது, மொதப் பாகம் மாதிரி வரவே வராது என்று அவர் முதுகுக்குப் பின்னால் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒவ்வொரு தடவையும் அவருக்குச் சுருக்கென்றது.

கலைமதியை அவள் வீட்டு வாசலில் இறக்கிவிட்ட பிறகு வண்டியைக் கிளப்ப அவருக்கு மனம் வரவில்லை. நாளைக்கு வகுப்பிலும் இவள் ஆமைக்காகச் சண்டைக்கு நிற்பாள், நாலு பேர் கைகொட்டிச் சிரிப்பார்கள். தன் பொய்க்காகப் பெற்ற மகள் அவமானப்படுவதைவிட, அவள் கண்ணில் தான் சிறுத்துப்போவதே மேல் என்று பட்டது.

"பாப்பா, அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. ஆமை மாமா கதையெல்லாம் நானாக் கட்டிவுட்டது. இனிமே அதுக்காவ யாருகிட்டயும் வம்புக்குப் போவாத."

ரோட்டைப் பார்த்தபடியேதான் சொன்னார். திரும்பி அவள் முகத்தைப் பார்க்கிற தைரியம் சுத்தமாக இல்லை.

பின்னால் அழுகிறாளோ என்று பயந்தார். அப்புறம் ஒரு சின்னக் கை அவர் இடுப்பைச் சுற்றிப் பிடித்துக்கொண்டது.

"இந்தக் கலைமதி வூட்டு டிவியிலதாம்ப்பா மொதப் பாகத்தைத் தமிழ்ல பாத்தேன், அம்மை எறங்குன மறு மாசமே."