தெர்மாகோல் குகை

தும்மிய வேகத்தில் கைதவறி, டிவி குகை நிகழ்ச்சிக்கான எதிரொலி முழுவதையும் ஒலிப்பதிவாளர் அழித்துவிட்டார். ஒளிபரப்புக்கு ஒரு மணி நேரமே இருந்தது, வேலை ஊசலாடியது.

குகையாவது மண்ணாவது! ஸ்டூடியோவில் நாலு தெர்மாகோல் பலகை, குடைத்துணியில் தைத்த வௌவால். அதற்குள் வீரம் பேசும் தொகுப்பாளருக்கோ லிஃப்டில் ஏறவே பயம்.

"நீயே உள்ள போய்க் கத்துய்யா, மகராசா!" என்றார் இயக்குநர்.

தலையெழுத்தே என்று ஒலிப்பதிவாளர் மைக்குடன் உள்ளே தவழ்ந்தார். ஆறடியில் முடியவேண்டிய குகை, இருபதடி போயும் முடியவில்லை. தொகுப்பாளர் வாராவாரம் கேட்பதையே இவரும் கேட்டுவைத்தார்.

"உள்ளே யாராவது இருக்கீங்களா?"

"இருக்கோம்ணே, ஏழு பேர். வாராவாரம் சொல்றோம், நீங்கதான் எதிரொலியப் போட்டு அமுக்கிடுறீங்க."